டாங்கியின் குழல் வழியே ஏவுகணை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆவடியில் வளர்ந்தவர்களுக்கு டாங்கிச் சத்தம் தெரியும். சோதனை ஓட்டத்துக்குப் போகும் வண்டியின் சங்கிலி தரையை அரைக்கும் ஓசை முதலில் காலில்தான் தெரியும், காதுக்கு அப்புறம்தான் வரும். அந்த ஊர்க்காரன் என்பதாலும், பல வருஷமாக இந்த விஷயத்தை விடாமல் படித்து வருவதாலும், நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். டாங்கியின் பீரங்கிக் குழல் வழியாகவே ஏவப்பட்டு, பறக்கும்போது வழிநடத்தப்படும் ஏவுகணை பற்றிய கேள்விகள் இவை.

டாங்கியில்தான் அவ்வளவு பெரிய பீரங்கி இருக்கிறதே, ஏவுகணை எதற்கு?

தூரத்துக்காக. டாங்கியை உடைக்க டாங்கி சுடும் முக்கியமான குண்டு ஒரு மெல்லிய, கனமான உலோக ஈட்டி. வெடிமருந்து எதுவும் அதில் கிடையாது. வேகம்தான் அதன் பலம். குழலை விட்டுக் கிளம்பும்போது வினாடிக்கு ஏறத்தாழ 1,700 மீட்டர் வேகம். 2 கிலோமீட்டரில் நிற்கும் இலக்கை அது ஒன்றேகால் வினாடிக்குள் தொட்டுவிடும். அந்தத் தூரத்தில் இதற்கு நிகரான ஆயுதம் இல்லை.

5 கிலோமீட்டர் என்று வந்தால் கணக்கு மாறிவிடுகிறது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் குண்டு கால் மீட்டர் விலகுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2 கிலோமீட்டரில் அரை மீட்டர். பரவாயில்லை, எங்காவது படும். 5 கிலோமீட்டரில் ஒன்றேகால் மீட்டர். எதிரி மணல்மேட்டுக்குப் பின்னால் உடம்பை மறைத்துக்கொண்டு, பீரங்கி பொருத்திய சுழலும் மேல்பகுதியான கோபுரத்தை மட்டும் காட்டினால், தெரியும் உயரமே ஒரு மீட்டருக்குள்தான் இருக்கும். அவன் மணிக்கு 36 கிலோமீட்டரில் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தால், குண்டு போய்ச் சேரும் மூன்று வினாடியில் 30 மீட்டர் நகர்ந்திருப்பான். சுட்ட குண்டைத் திருப்ப முடியாது. ஏவுகணையைத் திருப்பலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. ஈட்டிக் குண்டு தூரம் போகப் போக வேகம் இழக்கும், துளைக்கும் திறனும் குறையும். ஏவுகணையின் தலையில் இருப்பது கூம்பு வடிவத்தில் செம்பு பதித்த வெடிமருந்து. வெடிக்கும் கணத்தில் அந்தச் செம்பு ஊசிபோல் நீண்டு கவசத்துக்குள் பாயும். அதற்குப் பறந்து வந்த வேகம் தேவையில்லை. 500 மீட்டரில் பட்டாலும் 5,000 மீட்டரில் பட்டாலும் ஒரே அடிதான்.

குழலுக்குள் வைத்து ராக்கெட்டைப் பற்றவைத்தால் குழல் கெட்டுவிடாதா?

குழலுக்குள் ராக்கெட் பற்றுவதில்லை. சாதாரண குண்டுக்கு வைப்பதைவிட மிகக் குறைந்த மருந்து வைத்து ஏவுகணையை மெதுவாக வெளியே தள்ளுவார்கள். வெளியே வந்து இறக்கைகள் விரிந்த பிறகு, பாதுகாப்பான தூரத்தில்தான் மோட்டார் வேலையைத் தொடங்கும். அப்படி மெதுவாகத் தள்ளினாலும் அந்த உதை லேசானதில்லை. உள்ளே இருக்கும் மின்னணுப் பலகை, கண்ணாடி வில்லை, திசை மாறுவதை உணரும் சுழலும் ஜைரோ எல்லாமே அந்த ஒரு அதிர்ச்சியைத் தாங்கி, மறுகணமே துல்லியமாக வேலை செய்ய வேண்டும். இந்தத் தொழிலில் மிகக் கடினமான பகுதிகளில் இது ஒன்று.

முதலில் செய்தது யார்?

அமெரிக்கா 1960களில் பெரிதாக இறங்கியது. ஷிலேலா என்று பெயர் வைத்த ஏவுகணையையும், அதையும் குண்டையும் சேர்த்துச் சுடக்கூடிய 152 மில்லிமீட்டர் பீரங்கியையும் உருவாக்கி, ஷெரிடன் என்ற இலகு டாங்கியிலும் எம்60ஏ2 டாங்கியிலும் பொருத்தினார்கள். கதை நல்லபடியாக முடியவில்லை. ஏவுகணை குழலுக்குள் நேராக உட்கார நீளவாக்கில் ஒரு காடி வெட்டியிருந்தார்கள். அந்த இடத்தில் குழல் விரிசல் விட்டது. சாதாரண குண்டைச் சுட்டால் அந்த எடை குறைந்த வண்டியின் முன்பக்கமே எழும்பும். அந்த உலுக்கலில் ஏவுகணைக்கான கருவிகள் கெட்டுப்போயின. அடுத்த சிக்கல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கிட்டத்தட்ட 700 மீட்டருக்குள் இருக்கும் எதையும் ஷிலேலாவால் அடிக்க முடியாது. குறிபார்த்துச் சுடும் வீரரான கன்னரின் பார்வைக்கோட்டுக்குள் வந்து கட்டுப்பாட்டில் சிக்குவதற்கே ஏவுகணைக்கு அவ்வளவு தூரம் தேவைப்பட்டது. 1969இல் ஷெரிடன் வியட்நாமுக்குப் போனபோது ஏவுகணை இல்லாமலேயே போனது.

சோவியத் தரப்பு பொறுமையாக வந்தது. 1976இல் டி-64பி டாங்கிக்காகக் கோப்ரா என்ற ஏவுகணையைப் படையில் சேர்த்தார்கள். வீச்சு 4 கிலோமீட்டர். புதிதாகப் பீரங்கி செய்யவில்லை. ஏற்கெனவே இருந்த 125 மில்லிமீட்டர் குழலுக்கும், குண்டை எடுத்துக் கொடுக்கும் தானியங்கி எந்திரத்துக்கும் பொருந்துகிற மாதிரி ஏவுகணையைச் செய்தார்கள். கோப்ராவுக்கு வானொலி அலையில் கட்டளை போகும். 1980களில் வந்த ஸ்விர், ரெஃப்லெக்ஸ் இரண்டும் லேசருக்கு மாறின. பழைய டி-55 டாங்கியின் 100 மில்லிமீட்டர் குழலுக்குக்கூட ஓர் ஏவுகணை செய்து, காலாவதி ஆகவிருந்த வண்டிகளுக்குப் புது வேலை கொடுத்தார்கள். கருவிக்கு வண்டியை வளைக்காமல், வண்டிக்குக் கருவியை வளைத்தது கெட்டிக்காரத்தனம் என்றுதான் சொல்வேன்.

‘லேசர் வழிகாட்டல்’ என்கிறார்கள். எல்லாம் ஒரே மாதிரிதானா?

இல்லை. இந்த வித்தியாசம் புரிந்தால் பின்னால் வரும் நம் அர்ஜுன் டாங்கியின் கதை சுலபமாகப் புரியும்.

முதல் வகையில் டாங்கியிலிருந்து ஒரு லேசர் கற்றை இலக்கை நோக்கிப் போகும். ஏவுகணை அந்தக் கற்றைக்குள்ளேயே பயணம் செய்யும். அதன் கண் வாலில் இருக்கிறது. பின்னால், தன் டாங்கியைப் பார்த்துக்கொண்டே பறக்கிறது. கற்றையின் நடுவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறோம் என்று தானே கணக்குப் போட்டுத் திருத்திக்கொள்ளும். ரெஃப்லெக்ஸும் அதன் குடும்பத்தைச் சேர்ந்த இன்வாரும் இப்படித்தான்.

இரண்டாவது வகையில் கண் மூக்கில் இருக்கும். யாராவது இலக்கின் மீது லேசர் புள்ளி வைக்க வேண்டும். ஏவுகணை அந்தப் புள்ளியைத் தேடிப் போய் விழும். புள்ளி வைப்பவர் சுட்ட டாங்கியில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. முன்னால் ஒளிந்திருக்கும் வீரர், ஹெலிகாப்டர், ட்ரோன், யார் வேண்டுமானாலும் வைக்கலாம். இஸ்ரேலின் லஹாட் இந்த வகை. சுமார் 13 கிலோ எடை, ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம், தரையிலிருந்து ஏவினால் 6 கிலோமீட்டர் வீச்சு. மேலே ஏறி, கவசம் மெலிந்த கோபுரத்தின் தலையில் இறங்கவும் முடியும்.

ஏவிய பிறகு கன்னருக்கு என்ன வேலை?

இன்வாரையே எடுத்துக்கொள்வோம். 5 கிலோமீட்டர் போக அதற்கு ஏறத்தாழ 17 வினாடி ஆகும். கையில் கடிகாரம் இருந்தால் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அந்த 17 வினாடியும் கன்னரின் நெற்றி பார்வைக் கருவியின் ரப்பர் மெத்தையில் அழுந்தியிருக்கும். இரண்டு கட்டைவிரலாலும் குறுக்குக்கோட்டை இலக்கின் மேலேயே வைத்திருக்க வேண்டும். இலக்கு நகர்ந்தால் கோடும் நகர வேண்டும், அதுவும் பதறாமல். ஒரு புளியமரத்துக்குப் பின்னால் எதிரி மறைந்துவிட்டால் அந்த ஏவுகணை போனது போனதுதான். எதிரி டாங்கியில் லேசர் படுவதை உணரும் கருவி இருந்தால் அவனும் அதற்குள் புகைக்குண்டு வீசியிருப்பான், அல்லது திருப்பிச் சுட்டிருப்பான். புதிய டாங்கிகளில் இலக்கைத் தானே பிடித்துத் தொடரும் வசதி வந்ததால் கன்னரின் சுமை கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனாலும் அது நீண்ட நேரம்.

இந்திய இராணுவத்திடம் இப்போது என்ன இருக்கிறது?

டி-90 பீஷ்மாவில் இன்வார். 2001இல் 310 டி-90 டாங்கிகளுக்கு ரஷ்யாவுடன் ஒப்பந்தம் போட்டபோதே இந்த வசதி வண்டியோடு வந்தது. பிறகு ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் டி-90 உற்பத்தி தொடங்கியது. இன்வாரை ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் டைனமிக்ஸ் தயாரிக்கிறது. 2025 நவம்பரில்கூட சுமார் 2,096 கோடி ரூபாய்க்கு இன்வார் வாங்க அந்த நிறுவனத்துடன் பாதுகாப்பு அமைச்சகம் ஒப்பந்தம் போட்டது. கால் நூற்றாண்டாக இராணுவம் இதை விடாமல் வாங்குகிறது என்பதிலிருந்தே அதற்கு எவ்வளவு தேவை இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

அர்ஜுனுக்கு மட்டும் ஏன் இத்தனை வருஷம்?

என்னிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஊர்ப் பாசமும் சேர்ந்திருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அர்ஜுன் ஆவடியின் போர் வாகன ஆராய்ச்சி நிறுவனத்தில் வடிவமைக்கப்பட்ட டாங்கி. அதன் குழல் 120 மில்லிமீட்டர், உள்ளே மரை வெட்டியது. டி-90இன் குழல் 125 மில்லிமீட்டர், உள்ளே வழவழப்பானது. ஆகவே இன்வாரை எடுத்து அர்ஜுனில் போட முடியாது, அளவே வேறு. அதோடு மரை வெட்டிய குழல் தனக்குள் போகும் எதையும் பம்பரம்போல் சுழற்றப் பார்க்கும். சாதாரண குண்டுக்கு அந்தச் சுழற்சி நல்லது. மூக்கில் கண் வைத்துப் புள்ளியைத் தேடும் ஏவுகணைக்கு அது தொந்தரவு.

இன்னொன்று, அர்ஜுனில் தானியங்கி எந்திரம் இல்லை. நான்காவது ஆளாக ஒரு லோடர் இருக்கிறார். கோபுரத்தின் பின்பக்க அறையிலிருந்து குண்டை உருவி, திரும்பி, குழலுக்குள் தள்ளுவது அவர் வேலை. அந்த இடுக்கில், ஓடும் வண்டியின் குலுக்கலில், அவர் கையால் திருப்பக்கூடிய நீளத்துக்குள்தான் ஏவுகணையும் இருந்தாக வேண்டும். இந்த ஒரே கட்டுப்பாடு மோட்டாரின் அளவு, வெடித்தலையின் அளவு, இறக்கையின் அளவு எல்லாவற்றையும் முடிவு செய்துவிடுகிறது.

முதலில் லஹாட்டைச் சோதித்தார்கள். தூரத்து இலக்குகளை அது நன்றாகவே அடித்தது. இராணுவம் கேட்டது அதோடு முடியவில்லை. 5 கிலோமீட்டரும் வேண்டும், 1,200 மீட்டரில் இருக்கும் இலக்கையும் அதே ஏவுகணை அடிக்க வேண்டும் என்றது. அந்தக் கிட்டத்துத் தேவையை லஹாட்டால் பூர்த்தி செய்ய முடியவில்லை. அர்ஜுனின் மேம்படுத்திய வடிவமான எம்கே-1ஏ பற்றிய பேச்சு முழுவதிலும் இந்த ஏவுகணை விவகாரம் ஒரு முட்டுக்கட்டையாகவே நின்றது.

பிறகு பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு அமைப்பு சொந்தமாகச் செய்ய இறங்கியது. புனேயின் ஆயுத ஆராய்ச்சிக்கூடம் முன்னின்றது. மோட்டாரையும் வெடிமருந்தையும் கவனிக்கும் புனே ஆய்வகமும், பார்வைக் கருவிகளைச் செய்யும் டேராடூன் ஆய்வகமும் சேர்ந்துகொண்டன. 2020 செப்டம்பர் 22ஆம் தேதி மகாராஷ்டிராவின் அகமத்நகரில், இன்றைய பெயர் அகில்யாநகர், கேகே சுடுதளத்தில் அர்ஜுனிலிருந்து ஏவிய லேசர் ஏவுகணை 3 கிலோமீட்டரில் இருந்த இலக்கை அடித்தது. அக்டோபர் 1இல் அதைவிடத் தூரத்தில் அடித்தது. 2022 ஆகஸ்ட் 4ஆம் தேதி சோதனைக்குப் பிறகு வந்த அரசு அறிக்கை, குறைந்தபட்ச தூரத்திலிருந்து அதிகபட்ச தூரம் வரை அடிக்கும் திறன் நிரூபிக்கப்பட்டுவிட்டது என்றது. டாங்கிக்குள் அடங்கும் அளவுக் கட்டுப்பாட்டால் கிட்டத்து இலக்கை அடிப்பதுதான் சவால் என்பதையும் அதே அறிக்கை வெளிப்படையாகச் சொன்னது.

எனக்கு அந்த வரி மிகவும் பிடித்தது. செய்தித் தலைப்புகள் எல்லாம் தூரத்தைப் பேசின. அந்தப் பொறியாளர்கள் உண்மையில் வென்றது கிட்டத்தை.

1,200 மீட்டரில் ஏன் ஏவுகணை? அங்கே ஈட்டிக் குண்டே போதுமே?

நியாயமான கேள்வி. எனக்கும் பல நாள் இந்தச் சந்தேகம் இருந்தது. போர்க்களத்தில் நடப்பதை யோசித்தால் பதில் கிடைக்கும். குழலில் ஏவுகணையைப் போட்டுவிட்டு 4 கிலோமீட்டரில் இருக்கும் இலக்கைத் தேடுகிறீர்கள். திடீரென்று 1,300 மீட்டரில், ஒரு வாய்க்கால் கரைக்குப் பின்னாலிருந்து எதிரி எட்டிப் பார்க்கிறான். ஏவுகணையை வெளியே உருவி, ஈட்டிக் குண்டைப் போட நேரமிருக்காது. உள்ளே இருப்பதைத்தான் சுட வேண்டும். இன்வார் 100 மீட்டர் அளவிலேயே அடிக்கத் தொடங்கிவிடும். கற்றைக்குள் புகுந்தால் போதும். மூக்குக் கண் உள்ள ஏவுகணையோ வெளியே வந்து, இறக்கை விரித்து, புள்ளியைக் கண்டுபிடித்து, அதை நோக்கித் திரும்ப வேண்டும். சின்ன இறக்கையை வைத்துக்கொண்டு சட்டென்று திரும்புவது கஷ்டம். இராணுவம் வீம்புக்குக் கேட்கவில்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். வெளிநாட்டு ஏவுகணையால் அது முடியாது என்று தெரிந்தவுடனேயே சொந்த முயற்சியை முடுக்கிவிட்டிருக்க வேண்டும். அதில் தாமதித்த வருஷங்கள்தான் எனக்கு வலிக்கிறது.

அமெரிக்காவின் எம்1 டாங்கியில் ஏன் இது இல்லை?

ஷிலேலா கொடுத்த கசப்பு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அவர்களுடைய ஈட்டிக் குண்டும் கணினிக் குறிபார்ப்பும் அவ்வளவு தேறிவிட்டன. 1991 வளைகுடாப் போரில் ஒரு பிரிட்டிஷ் சேலஞ்சர் டாங்கி சாதாரண குண்டிலேயே 5 கிலோமீட்டர் அளவு தூரத்தில் ஈராக் டாங்கியை அடித்தது. அப்படி இருக்க, விலை பல மடங்கு ஆகும் ஏவுகணைக்கு என்ன அவசரம் என்று நினைத்தார்கள்.

ஆனாலும் ஆசை விடவில்லை. 12 கிலோமீட்டர் வரை போகக்கூடிய 120 மில்லிமீட்டர் வழிநடத்தும் குண்டு ஒன்றை 2000களில் செய்யத் தொடங்கினார்கள். 2007இல் அரிசோனாவின் யூமா சுடுதளத்தில், 8 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த ஒரு டி-72 டாங்கியை அது அடித்தது. அந்த ஆண்டு இறுதியில் ரேதியான் நிறுவனத்தின் வடிவம் தேர்வானது. 2009இல், அது சார்ந்திருந்த மாபெரும் படை நவீனமயத் திட்டம் கைவிடப்பட்டபோது குண்டும் சேர்ந்து போய்விட்டது. சோதனையில் தோற்றுப் போகவில்லை, பட்ஜெட்டில் தோற்றது.

12 கிலோமீட்டர், 15 கிலோமீட்டர் என்று கூட்டிக்கொண்டே போனால் நல்லதுதானே?

பார்க்க முடிந்தால் நல்லது. ராஜஸ்தானின் திறந்த மணல்வெளியிலும் லடாக்கின் அகன்ற பள்ளத்தாக்கிலும் 5 கிலோமீட்டர் கண்ணுக்குத் தெரியும். பஞ்சாபில் கதை வேறு. வாய்க்கால், தோப்பு, கரும்பு வயல், கிராமம் என்று கண்ணை மறைப்பவை ஏராளம். பல இடங்களில் 2 கிலோமீட்டர் தாண்டிப் பார்ப்பதே பெரிய காரியம். டாங்கியின் கண் தரையிலிருந்து இரண்டரை மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அந்தக் கண்ணுக்குத் தெரியாத தூரத்தை அடிக்க வேண்டுமானால் வேறொருவருடைய கண் வேண்டும்.

அதனால்தான் வீச்சைப் பற்றிப் பேசும்போதெல்லாம் முதலில் ‘யார் பார்ப்பது?’ என்று கேட்பேன். தென் கொரியா தன் கே2 டாங்கிக்கு இதற்கு ஒரு வழி செய்தது. அவர்களுடைய குண்டு வளைந்து மேலே போய், இலக்குக்கு மேல் பாராசூட் விரித்து மெதுவாக இறங்கும்; இறங்கும்போது தன்னிடமுள்ள ரேடாராலும் வெப்ப உணர்கருவியாலும் தானே தேடி, கண்டதும் கீழ்நோக்கி வெடிக்கும். வீச்சு 2 முதல் 8 கிலோமீட்டர். மலையும் மேடும் நிறைந்த அவர்கள் நாட்டுக்குப் பொருத்தமான யோசனை அது.

ட்ரோன் வந்துவிட்டதே, இனி இதெல்லாம் வேண்டுமா?

உக்ரைன் போரைப் பார்த்தவர்கள் எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். மலிவான ட்ரோன்கள் டாங்கிகளை வேட்டையாடியதை மறுக்க முடியாது. அங்கே டாங்கிகள் பல சமயம் பின்னால் மறைந்து நின்று, ட்ரோன் சொல்லும் திருத்தத்தைக் கேட்டுக்கொண்டு, நேரில் பார்க்காத இலக்குகளைச் சுட்டன. இதை வைத்து டாங்கி ஏவுகணை செத்துவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு நேர் எதிராகத் தோன்றுகிறது. இத்தனை நாள் இல்லாதது கண். ட்ரோன் அதைக் கொண்டுவந்துவிட்டது. மேலே பறக்கும் ட்ரோன் லேசர் புள்ளி வைத்தால், மேட்டுக்குப் பின்னால் நிற்கும் டாங்கி தலையைக் காட்டாமலேயே ஏவலாம். கன்னர் 17 வினாடி மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தாக்கும் ட்ரோனை வானொலி இடையூறு செய்து விழுத்தாட்டலாம். லேசர் புள்ளியைத் தேடும் ஏவுகணையை அப்படிக் குழப்ப முடியாது. அர்ஜுனின் ஏவுகணை புள்ளி தேடும் வகை என்பதால் அதற்கு இந்த வழி திறந்தே இருக்கிறது. டாங்கிப் படைக்கும் ட்ரோன் படைக்கும் சேர்த்துப் பயிற்சி கொடுப்பதில்தான் இனி வேலை இருக்கிறது.

எதிரி இதைத் தடுக்க முடியாதா?

முடியும். புகை, வெடித்துத் தடுக்கும் கவசப் பெட்டிகள், வரும் ஏவுகணையைச் சுட்டு வீழ்த்தும் இஸ்ரேலின் டிராஃபி போன்ற கருவிகள் எல்லாம் உண்டு. கவசப் பெட்டிக்கு மாற்றாகத்தான் இரட்டை வெடித்தலை வந்தது: முன்னால் உள்ள சின்ன வெடி பெட்டியை வெடிக்க வைக்கும், பின்னால் உள்ள பெரியது உள்ளே துளைக்கும். இன்வாரிலும் அர்ஜுன் ஏவுகணையிலும் அதுதான் இருக்கிறது. டிராஃபிக்கு அப்படிச் சுலபமான மாற்று இல்லை.

குழலை விட்டுவிட்டு, வெளியே ஒரு பெட்டியில் ஏவுகணையை வைத்தால் என்ன?

வைக்கிறார்கள். சென்னையில் வடிவமைத்த 25 டன் ஸொராவர் இலகு டாங்கியின் கோபுரத்தில் அப்படித்தான் தனியாக ஏவுகணை இருக்கிறது. குழலின் அளவுக்குள் அடங்க வேண்டியதில்லை என்பதால் பெரிய, புத்திசாலியான ஏவுகணையாக இருக்கலாம். ஆனால் வெளியே இருப்பதைத் துப்பாக்கிக் குண்டும் குண்டுச் சிதறலும் பதம் பார்க்கும். தீர்ந்துபோனால் மறுபடி நிரப்ப யாராவது வெளியே வர வேண்டும்.

என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். இந்தத் துறைக்குப் போக என்ன படிக்க வேண்டும்?

இந்தக் கேள்வி வந்தால் எனக்குச் சந்தோஷம். இயந்திரவியல், மின்னணுவியல், வானூர்திப் பொறியியல் மூன்றும் நேர் வழி. ஒளியியலும் வேதியியலும் படித்தவர்களுக்கும் இங்கே நல்ல இடம் உண்டு. மூக்கில் இருக்கும் கண்ணைச் செய்வது ஒளியியல், மோட்டாருக்குள் எரிவதைச் செய்வது வேதியியல். பொறியியல் முடித்து கேட் தேர்வு எழுதினால் அந்த மதிப்பெண் வழியாகப் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு அமைப்பில் விஞ்ஞானி பணிக்கு விண்ணப்பிக்கலாம். வண்டியில் ஆர்வம் என்றால் ஆவடி, ஏவுகணையில் ஆர்வம் என்றால் புனே, ஹைதராபாத். கட்டுப்பாட்டியல் பாடத்தை மட்டும் மதிப்பெண்ணுக்காகப் படித்துவிட்டு மறந்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். 1,200 மீட்டரில் அந்தச் சின்ன இறக்கையைத் திருப்புவது அந்தக் கணக்குதான்.